'ஜப்பான் ஒரிஜினல்' என்று 64,500 ரூபாய் போச்சு: பழைய கேம் கசெட் தேடுகிறவர்கள் வாசிக்கவும்

கொழும்பில் பழைய வீடியோ கேம் மெஷின், கசெட் தேடித் திரிகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. மற்றவர்கள் "இந்தப் பழைய சாமானுக்கா இவ்வளவு காசு" என்று கேட்க வருவீர்கள், அதை வீட்டிலேயே வேண்டிய அளவு கேட்டுவிட்டார்கள், நீங்களும் வேண்டாம். 64,500 ரூபாய். நேற்றுப் பின்னேரம்தான் அந்தக் கடைப் படியால் இறங்கி வந்தேன், ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் மானநஷ்டம் என்று கிளம்புவார்கள், அதற்கும் நான்தான் அலைய வேண்டும். ஜப்பானில் இருந்து பழைய எலக்ட்ரோனிக் சாமான் கொண்டுவந்து விற்கிற சின்னக் கடை, முகநூலில் ஒரு பக்கமும் நடத்துகிறார்கள். இவ்வளவு போதும்.

நிண்டெண்டோ ஜப்பானில் விற்ற சூப்பர் ஃபேமிகாம் என்ற கேம் மெஷினை நான் ஏன் தேடினேன் என்று சொன்னால்தான் இந்தக் கோபம் விளங்கும். தொண்ணூறுகளில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளில் நாங்கள் வைத்து விளையாடியது அசல் நிண்டெண்டோ இல்லை, அதைப் பார்த்துச் செய்த மலிவு டிவி கேம்தான். மஞ்சள் கசெட், மேலே ஆயிரக்கணக்கில் ஒரு எண் ஒட்டியிருக்கும், உள்ளே பத்துப் பதினைந்து கேம் பெயர் மாறி மாறித் திரும்ப வரும். 1985இல் வந்த முதல் சூப்பர் மாரியோவையும் கொன்ட்ராவையும் அதில்தான் ஆடி முடித்தோம். 1990இல் சூப்பர் ஃபேமிகாமோடு சேர்ந்தே வெளிவந்த சூப்பர் மாரியோ வேர்ல்டை நான் பிற்பாடு கம்ப்யூட்டரில், அந்த மெஷினைப் போலவே நடிக்கிற எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஆடியதுதான். அசல் மெஷினில், பின்பக்கம் புடைத்த பழைய டிவியில் ஒரு தடவையாவது ஆட வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. அந்த டிவி சித்தப்பா வீட்டில் இன்னும் இருக்கிறது, யாரையும் தூக்கி எறிய விடாமல் வைத்திருக்கிறேன்.

இது வெறும் பழைய நினைவுப் பைத்தியம் இல்லை. பாய்ந்து தாவி ஓடுகிற கேமுக்கு உயிரே பாய்ச்சல்தான். மாரியோ எவ்வளவு வேகத்தில் ஓடுகிறானோ அதற்கேற்பத்தான் உயரம் எழும்புவான், பட்டனை எவ்வளவு நேரம் அமத்திப் பிடிக்கிறோமோ அதற்கேற்பவும். பட்டனுக்கும் திரைக்கும் நடுவில் துளி தாமதம் இருந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும். எமுலேட்டரும் இந்தக் காலத்துத் தட்டை டிவியும் சேர்ந்தால் அந்தத் தாமதம் வரத்தான் செய்யும். இன்னொன்று, ஐரோப்பாவுக்குச் செய்த மெஷின் 50 ஹெர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 50 படம் என்று ஓடும், அதற்கென்று சரி செய்யாத கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். ஜப்பான் மெஷின் 60 ஹெர்ட்ஸ். அதனால்தான் ஜப்பான் செட் என்றே தேடினேன்.

புதிய கேம் பிடிக்காத ஆள் என்றும் நினைக்க வேண்டாம். 2018இல் வந்த செலஸ்ட் என்ற கேமில் கால் விளிம்பைத் தாண்டிப் போன பிறகும் ஒரு கணம் பாய விடுகிறார்கள், அவ்வளவு கஷ்டமான கேமில் அந்த இரக்கம் ஒளிந்திருப்பதை நினைத்தால் எழுதியவர்களைக் கும்பிடத் தோன்றும். 2023இல் வந்த மாரியோ வொண்டரில் குழாயே நெளிந்து நடக்கும், சிரித்துச் சிரித்து ஆடினேன். அஸ்ட்ரோ பொட் 2024இன் சிறந்த கேம் விருதை எடுத்தபோது வீட்டில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அன்ரி வந்து எட்டிப் பார்த்தார். ஹொலோ நைட் சில்க்சோங் 2025 செப்டம்பரில் வந்தது, ஆறரை வருசமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு 20 டொலருக்கு விற்றார்கள். போன காசுக்குப் பத்துப் பிரதி வாங்கி, கேட்கிறவனுக்கெல்லாம் கொடுத்திருக்கலாம்.

சரி, கடைக்கு வருகிறேன்.

முகநூலில் படம் பார்த்து, நேரில் வந்துதான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டே போனேன். கவுண்டரில் இருந்த தம்பி, இருபத்தைந்து வயசு இருக்கும், நல்ல மரியாதை. "அண்ணா, முதல்ல ஆடிப் பாருங்க, பிறகு காசைப் பற்றிக் கதைப்பம்" என்றான். டிவியில் போட்டான். மாரியோ வேர்ல்ட் தொடங்கியது, சேமித்த ஆட்டங்களைக் காட்டும் இடத்தில் மாரியோ ஏ என்பதற்குப் பக்கத்தில் 96 என்று நின்றது.

அந்த 96 என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கேமின் கட்டங்களில் இருந்து வெளியேறும் வழிகள் மொத்தம் 96. ஜப்பானில் யாரோ ஒரு பிள்ளை, ஒளிந்திருக்கிற வழி ஒன்றுகூட விடாமல் கண்டுபிடித்துச் சேமித்து வைத்திருக்கிறது. கசெட்டுக்குள் இருக்கிற காசளவு பேட்டரி அதை இத்தனை வருசம் காப்பாற்றி கொழும்பு வரைக்கும் கொண்டுவந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

அதோடு விடவில்லை அந்தத் தம்பி. டோனட் பிளெயின்ஸ் என்ற பகுதியில் இருக்கிற பேய் வீட்டுக்குள் போய், தொடக்கத்திலேயே மாரியோவைப் பறக்க வைக்கிற கேப் என்ற மேலங்கியோடு ஓடிப் பறந்து, கூரைக்கு மேலே நடந்து, யாரும் லேசில் கண்டுபிடிக்காத அந்த வழியால் வெளியே வந்தான். "இது தெரியாம எத்தனை பேர் கேமை முடிச்சிருக்காங்க அண்ணா" என்று சிரித்தான். நானும் மாரியோ 3இல் வெள்ளைக் கட்டையில் குந்தியிருந்து திரைக்குப் பின்னால் விழுகிற கதையைச் சொன்னேன், அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இப்படிக் கதைக்கிற ஒரு ஆள் கொழும்பில் கிடைப்பது எவ்வளவு அபூர்வம். அந்த இடத்தில்தான் நான் அவனை நம்பினேன். விலையைக் குறைத்துக் கேட்கவே மனம் வரவில்லை.

மெஷின், இரண்டு கொன்ட்ரோலர், மாரியோ வேர்ல்ட், யோஷிஸ் ஐலண்ட், ஜப்பானில் சூப்பர் டொங்கி கோங் என்று வந்த 1994ஆம் ஆண்டுக் கேம், எல்லாம் சேர்த்து 60,000. ஜப்பான் அடெப்டர் 100 வோல்ட்டுக்கு, இங்கே சுவரில் வருவது 230, அதனால் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று 4,500. மொத்தம் 64,500, அந்த இடத்திலேயே போனிலிருந்து வங்கிக்கு மாற்றினேன். "இது டிஸ்பிளே செட் அண்ணா, தூசி பிடிச்சிருக்கு, உங்களுக்கு உள்ளுக்கு இருக்கிறதில துடைச்ச செட் தாறன், இந்த மாரியோ கசெட்டை அப்படியே உங்களுக்கே வைக்கிறன்" என்று உள்ளே போனான். வரும்போது எல்லாம் பபிள் ரப்பில் சுற்றி, டேப் ஒட்டி, பை வரைக்கும் ரெடி. பில்லில் 'கேம் ஐட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அது தற்செயல் என்று இப்போது யாரும் எனக்குச் சொல்ல வர வேண்டாம்.

வீட்டுக்கு வந்து டிவியில் போட்டேன். மாரியோ ஏ, வெறுமை. பி, வெறுமை. சி, வெறுமை. 96ஐக் காணோம். சரி, துடைக்கும்போது அழிந்திருக்கும் என்று புதிதாகத் தொடங்கி, முதல் கோட்டையை முடித்து, சேமித்து, நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் அதுவும் இல்லை. டொங்கி கோங்கும் அதே கதை. யோஷிஸ் ஐலண்ட் கறுப்புத் திரை. கசெட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ. அசல் கசெட்டுக்கு வீட்டு ஸ்க்ரூட்ரைவர் சரிவராது, அதற்கென்று 3.8 மில்லிமீட்டர் தனி பிட் வேண்டும். இதுவோ தையல் மெஷின் பெட்டியில் இருந்த ஸ்க்ரூட்ரைவருக்கே திறந்தது. உள்ளே பாதி அளவுக்கு ஒரு பச்சைப் பலகை, நடுவில் தார் உருக்கி ஊற்றியது போல ஒரு கறுப்புக் கட்டி, அவ்வளவுதான். பேட்டரி இருக்க வேண்டிய இடமே இல்லை. யோஷி கசெட் இன்னும் மோசம். அந்தக் கேம் ஓடுவதற்கு சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்ற தனி சிப் கசெட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அதனால் அடியில் நடுவரிசைக்கு இரண்டு பக்கமும் தனியாகக் குட்டிப் பற்கள் தெரியும். இதில் நடுவரிசை மட்டும்தான். அதாவது அது யோஷிஸ் ஐலண்டாக இருக்கவே முடியாது, மேலே ஒட்டிய படம் மட்டும் யோஷி.

இனி அவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். போனில் முதலில், "ட்ரான்ஸ்ஃபோமர் சரியில்லையோ தெரியாது அண்ணா." அதை விற்றதே இவன்தான். பிறகு, ஆட்டோவில் குலுங்கி பேட்டரி கழன்றிருக்குமாம். இல்லாத பேட்டரி எப்படிக் கழன்றது? கசெட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் கவுண்டரில் வேறு ஒருவர். முதலாளி சாமான் எடுக்க ஜப்பான் போயிருக்கிறார், போயா விடுமுறை கழிந்து வாங்க என்றார். போயா கழிந்து போனேன், "நீங்கள் திறந்துட்டீங்களே, கேரண்டி போச்சு" என்றார்கள், அதுவரைக்கும் கேரண்டி என்ற சொல்லையே அந்தக் கடையில் யாரும் எடுக்கவில்லை. நேற்று, "அந்தத் தம்பி வேலையை விட்டுட்டான், அவன் என்ன சொல்லித் தந்தான் என்று எங்களுக்குத் தெரியாது" என்று ஒரே போடாகப் போட்டார்கள். அப்படிச் சொல்லும்போதே திரைச்சீலைக்குப் பின்னால் அவன் யாருக்கோ "முதல்ல ஆடிப் பாருங்க" என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்கிறது! நான் கூப்பிட்டேன். சத்தம் நின்றது. ஆள் வரவில்லை. கடைசியில் 5,000 ரூபாய்க்கு வேறு சாமான் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள், போன் கவர், ஹெட்ஃபோன் அந்த மாதிரி. 64,500க்குப் பதில் 5,000, அதுவும் காசாக இல்லை. பில்லின் அடியில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படாது என்று சீல் அடித்திருப்பதை விரலால் தட்டிக் காட்டினார். தமிழில் இல்லை என்பது இன்னொரு எரிச்சல், அதை இப்போது விடுவோம்.

இதில் எனக்கு உறைப்பது என்னவென்றால், அவன் கேம் தெரியாதவன் இல்லை. அந்தப் பேய் வீட்டுக் கூரையை உண்மையிலேயே தெரிந்தவன், 96க்கு ஒரு ரசிகன் எப்படி உருகுவான் என்று தெரிந்தவன். தெரிந்துதான் அந்தத் திரையில் கொண்டுபோய் நிறுத்தினான். ஒன்றும் தெரியாத வியாபாரி ஏமாற்றியிருந்தால் இவ்வளவு எரியாது. இன்று காலையில் அவர்களுடைய பக்கத்தில் புதுப் படம் ஒன்று: அதே டிவி, அதே கசெட், அதே 96, கீழே 'கடைசி செட், இன்பாக்ஸ் பண்ணவும்'. நான் போட்ட கருத்தை அரை மணித்தியாலத்தில் அழித்து, என்னை பிளாக்கும் பண்ணிவிட்டார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இந்த மனநிலையில் அது முடியாது, அவசரத்துக்கு இவ்வளவு: எந்த கசெட்டை ஆடிப் பார்த்தீர்களோ அதையே மெஷினில் இருந்து கழற்றி உங்கள் கையாலேயே பையில் போடுங்கள். உள்ளே இருந்து சுற்றி வருகிற எதையும் அங்கேயே பிரித்து, சேமித்து, நிறுத்தி, மறுபடி போட்டுப் பாருங்கள். பின்பக்க ஸ்க்ரூவைப் பாருங்கள். பில்லில் கேமின் பெயரும் 'ஒரிஜினல்' என்ற சொல்லும் இல்லாமல் காசு மாற்ற வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கப்போகிறேன், எழுத்தில் முறைப்பாடும் கொடுப்பேன். இதே மாதிரி 'துடைச்ச செட்' யாருக்காவது கிடைத்திருந்தால் பில்லை எறிந்துவிடாமல் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் நல்லது. கடையின் பெயரைக் கருத்தில் போட வேண்டாம், தனியாகக் கேட்டால் சொல்கிறேன்.