நிலாவெளிப் பக்கம் கட்டட வேலைக்குப் போகும் அக்காமார், தங்கச்சிமார் கவனம்

இந்தியாவிலிருந்து திரும்பி வந்து இன்னும் அடையாள அட்டை கைக்கு வராத பெண்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ஒரு சப் கொன்ராக்டரிடம் நானும் இன்னும் மூன்று பேரும் ஏமாந்து நிற்கிறோம். முறைப்பாடு நடப்பதால் ஆளின் பெயரைப் போடவில்லை.

நான் பிறந்தது திருகோணமலையில்தான். 1990இல் ஆறு வயதில் மன்னார் போய், அங்கிருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு வேறொரு முகாம் என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அங்கேயே போய்விட்டது. பெயின்ட் வேலையும் சித்தாள் வேலையும் அங்கே பழகியவை. அங்கே இருக்கும்வரை 'சிலோன்காரி', இங்கே வந்தால் 'இந்தியாக்காரி'. சித்தாள் என்றால் இங்கே சிரிப்பார்கள், கையாள் என்று சொல்ல வேண்டும். சட்டி என்றால் தாச்சி. வாயைத் திறந்தாலே பிடித்துவிடுவார்கள்.

அந்த ஆளும் அப்படித்தான் பிடித்திருப்பார், ஏனென்றால் வேலை தெரியுமா என்று கேட்கவே இல்லை, ஐடி இருக்கிறதா என்றுதான் கேட்டார். பிறப்புச் சான்றிதழ் தொலைந்து நான் பிரதிக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. இல்லை என்றேன். "பரவாயில்லை தங்கச்சி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பார்த்துத்தான் கொண்டார்.

மாரி முடிந்த கையோடு, சீசனுக்கு ஆட்கள் வருமுன் ஹோட்டல் வேலையை முடிக்க வேண்டும் என்று ஒரே அவசரம். பெண்களுக்கு நாட்சம்பளம் 2,200, ஆண் கையாளுக்கு 3,200. அதே தாச்சி, அதே சீமெந்துக் கலவை, அதே ஏணி. ஒரு நாள் பிளேட் (மேல்தளம்) கொங்கிறீட் போடும்போது ஆண்கள் இரண்டு பேர் வரவில்லை, மேலே முழுக்க நாங்கள் நான்கு பேர்தான் ஏற்றினோம், அன்றைக்கும் 2,200தான். பெண்களுக்கு என்று கழிப்பறை இல்லை, பக்கத்து வீட்டு அம்மாவின் புண்ணியத்தில் சமாளித்தோம்.

சம்பளம் தரும்போது நாளுக்கு 180 ரூபாய் கழித்துவிடுவார், கேட்டால் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) என்பார். எங்களுக்கும் சந்தோஷம், வயதான காலத்துக்கு ஏதோ சேருது என்று. இலக்கம் கேட்டபோதெல்லாம் ஐடி வந்த பிறகு தருகிறேன் என்றார். பிறகுதான் விசாரித்து அறிந்தேன்: எங்களிடம் பிடிப்பது 8 வீதம் என்றால், வேலை தருபவர் தன் பங்குக்கு 12 வீதம் போட வேண்டும், ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் வேறு, அதை எங்கள் சம்பளத்தில் தொடவே கூடாது. நாட்கூலிக்கும் இது உண்டு. பணம் பிடிக்கிறார் என்றால் உறுப்பினர் இலக்கம் எங்கே என்று கேளுங்கள், சாட்டுச் சொன்னால் அந்தப் பணம் அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்று அர்த்தம்.

மொத்தம் 41 நாள் வேலை செய்தேன். 23 நாளுக்குத்தான் காசு வந்தது. மிச்சம் 18 நாளுக்கு 39,600. பில் வரவில்லை, நாளைக்கு, வெள்ளிக்கிழமை, சித்திரைப் புதுவருசத்துக்கு முதல் கட்டாயம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் ஒரு நாள் போனை நிறுத்திவிட்டார். சரி என்று நாலு பேரும் சேர்ந்து பெரிய கொன்ராக்டரின் சைட் ஒபிசுக்குப் போனோம். அங்கே இருந்த தம்பி நல்ல பிள்ளை, வரவுப் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. எங்கள் இடத்தில் நான்கு ஆண்களின் பெயர், நாளுக்கு 3,200 படி, முழுக் காசும் கொடுத்து முடிந்துவிட்டது. 41 நாளும் அந்தக் கொப்பியில் நான் ஒரு ஆம்பிளை! கோபம் வரமுன் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுகை.

தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அதற்குக் காசு கேட்கவில்லை, அடையாள அட்டை இல்லாமல் வேலை செய்தவள் என்பதற்காக என்னைத் திருப்பி அனுப்பவும் இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், "ஐடி இல்லாமல் போனால் உன்னைத்தான் பிடிப்பார்கள்" என்று அந்த ஆள் எங்களை அடிக்கடி வெருட்டி வைத்திருந்தார். அவர் கொப்பியை நம்பாமல் உங்களுக்கென்று ஒரு கொப்பி வைத்துத் தேதி, வேலை, வாங்கிய காசு எல்லாவற்றையும் எழுதுங்கள், சைட்டில் வேலை செய்யும்போது போனில் ஒரு படமாவது எடுங்கள்.

நான் எழுதி வைக்கவில்லை. வேலைக்குப் போன தேதிகளைக் கேட்டபோது முழித்தேன். வீட்டுக்கு வந்து கைப்பையைக் கொட்டினால் அடியில் சுருண்டு கிடந்தன நிலாவெளி பஸ் டிக்கெட்டுகள், தேதி தெரிகிற மாதிரி 31. ஒவ்வொன்றாக நீவி ஒரு கடதாசியில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.