பாரியோவில் நான்கு நாள்: தங்கிய வீடும் கூட நடந்த பெரியவரும்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான், மனைவி, உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், மூன்று பேரும் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இருக்கும் பாரியோவுக்குப் போய்வந்தோம். போவதற்கு முன்னால் யாராவது தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே நாங்கள் தங்கிய வீட்டுக்கும் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்த பெரியவருக்கும் ஐந்துக்கு ஐந்து. இங்கே சிங்கப்பூரில் இருந்து பயணத்தை ஏற்பாடு செய்து கொடுத்தவர்களுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. காரணம் கீழே.

பாரியோ இருப்பது போர்னியோ தீவில், சரவாக்கின் வடகிழக்கு மூலையில், இந்தோனேசிய எல்லையை ஒட்டி. கெலாபிட் மக்களின் மேட்டுநிலம் அது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். நம் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான், அதுமாதிரி ஆறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரத்தில், மலை உச்சி இல்லை, தட்டையான வயல்வெளி இருக்கிறது. போய் இறங்கியதும் என்னை நிற்க வைத்தது அதுதான். சுற்றிலும் மலை, நடுவில் ஒரு பெரிய தாம்பாளத்தை வைத்ததுபோல் நெல் வயல். மேற்கே தாமா அபு தொடர், வடக்கே சரவாக்கிலேயே உயரமான மூருட் மலை, 2,424 மீட்டர். இந்தத் தாம்பாளத்துத் தண்ணீர் எல்லாம் தெற்கே வடிந்து, தாமா அபுவைச் சுற்றிக்கொண்டு போய் பாராம் ஆறாகி, கடைசியில் தென்சீனக் கடலில் சேர்கிறது. ஆறு இருக்கிறதே, படகில் வந்துவிடலாமே என்றால் முடியாது, லியோ மாத்தோ என்ற ஊருக்கு மேலே ஆறு பாறைகளில் விழுந்து விழுந்து வருகிறது. அந்தக் காலத்தில் அங்கே படகை விட்டுவிட்டு நாள்கணக்கில் நடந்துதான் ஏறியிருக்கிறார்கள். இப்போது இரண்டே வழி. கடலோர நகரமான மிரியிலிருந்து சிறு விமானம், இல்லையென்றால் மரம் வெட்டும் கம்பெனிகள் போட்ட மண்பாதையில் நான்கு சக்கர வண்டி. வண்டியில் போனால் ஒரு முழு நாள் ஓடிவிடும், மழை பெய்தால் எப்போது போய்ச் சேருவோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் விமானத்தில் போனோம். ட்வின் ஆட்டர் என்ற 19 இருக்கை விமானம். பெட்டியை மட்டும் இல்லை, நம்மையும் தராசில் ஏற்றி எடை பார்க்கிறார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை, எல்லாருக்கும் அதேதான். பெட்டி எடையில் கட்டுப்பாடு கடுமை, ஆகவே மிரியில் எங்காவது பெரிய பெட்டியை வைத்துவிட்டு முதுகுப்பையோடு ஏறுங்கள். இன்னொன்று, சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவு உண்டு, கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

இப்போது என் குறை. நாங்கள் புறப்பட வேண்டிய நாளில் மேலே மேகம் மூடிவிட்டது, விமானம் போகவில்லை. அதில் யார்மீதும் கோபம் இல்லை, மலைக்கு நடுவில் கண்ணால் பார்த்து இறங்க வேண்டிய ஓடுதளம், வானிலை சரியில்லை என்றால் போகாமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் இப்படி நடக்கும், அதுவும் வருடக் கடைசி மழையில் அடிக்கடி நடக்கும் என்பது இந்தப் பயணத்தை விற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஒரு நாள்கூட விடாமல் இறுக்கித் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மிரியில் ஓர் இரவு அறை எடுத்தது எங்கள் கைக்காசு. போட்டிருந்த ஐந்து நாள் நான்காகிவிட்டது. தொலைபேசியில் கூப்பிட்டால் “அது எங்கள் பொறுப்பில்லை” என்று ஒரே பதில். நீங்கள் போவதாக இருந்தால் போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள், விமானம் சரியாகப் போய்விட்டால் அந்த நாளும் மலையில்தான் கழியப்போகிறது, வீணாகாது.

அவர்கள் செய்த இரண்டாவது தவறு இன்னும் மோசம். அட்டவணையில் “4 கிலோமீட்டர், சுலப நடை” என்று போட்டிருந்தது. இங்கே மெக்ரிட்சி பூங்காவில் நான்கு கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேரம், அந்தக் கணக்கில்தான் மனைவியைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அங்கே அது காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டு நேரம் வரை இழுத்துவிட்டது. முழங்கால் வரை சேறு, எருமைகள் மிதித்து மிதித்துக் குழியான பாதை, ஒரு குழியில் கால் போனால் பூட்ஸ் உள்ளேயே நின்றுவிடும். மேட்டில் வேர்களைப் பிடித்து ஏற வேண்டும், இறங்கியதும் ஓடை, மறுபடி மேடு. மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதே தப்பு. பெரியவரிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மணிக்கணக்கில்தான் சொல்வார், அதுவும் நாங்கள் நடப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் சொல்வார்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். மரத்தில் கட்டிய வீடு, மாடியில் அறைகள், ஒரு நாளைக்கு ஆளுக்கு 120 ரிங்கிட், மூன்று வேளைச் சாப்பாடும் அதற்குள். நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. மெத்தை சுத்தம், கொசுவலை உண்டு, குளிக்கப் பச்சைத் தண்ணீர்தான். உயரம் நூறு மீட்டர் கூடினால் சுமார் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வெப்பம் குறையும் என்று மகள் பாடத்தில் படித்திருந்தாள், முதல் நாள் காலையில் அந்தத் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு “அப்பா, நிஜம்தான்” என்றாள். ராத்திரிக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம்.

மனைவி சைவம். இதைப் பற்றித்தான் பலரும் கேட்பீர்கள் என்று தெரியும். வீட்டுக்கார அம்மாவிடம் ஒருதரம் சொன்னதோடு சரி, நான்கு நாளும் அவளுக்குத் தனியாகக் காட்டுக்கீரை, பெரணித் தளிர், மரவள்ளி இலை என்று வதக்கிக் கொடுத்தார். சோற்றை நன்றாகக் குழைத்து இலையில் மடித்துக் கொடுப்பது அங்கே வழக்கம், நூபா லாயா என்கிறார்கள், அந்த இலைக்கு ஈசிப் என்று பெயர். சூட்டோடு பிரித்தால் நம் ஊர்ப் பொதிசோறு வாசனைக்குப் பக்கத்தில் வரும். பாரியோ அன்னாசியும் அவ்வளவு இனிப்பு, நாக்கை அறுக்கவே இல்லை.

இனி பெரியவர். எழுபதை நெருங்கும் வயது, நெல் விவசாயி, நாள் கூலிக்கு வழிகாட்டியாகவும் வருகிறார். மகள் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டாள், நாங்களும் அப்படியே. பேரப்பிள்ளை பிறந்தபோது அவருக்குப் பெயர் மாறிவிட்டதாம். கெலாபிட் மக்களிடம் பிள்ளை பிறந்ததும் பெற்றோருக்கும், பேரன் பேத்தி வந்ததும் தாத்தா பாட்டிக்கும் புதுப்பெயர் வைத்து ஊரையே கூட்டி விருந்து போடும் வழக்கம் உண்டு. நம் வீடுகளில் பெயரை விட்டுவிட்டு “இன்னாருடைய அம்மா” என்று கூப்பிடுவோமே, அதையே ஒரு விழாவாக்கி வைத்திருக்கிறார்கள் என்று மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

அவருக்கு ஏன் ஐந்துக்கு ஐந்து என்றால், அவர் வழி காட்டவில்லை, நிலத்தைப் படித்துக் காட்டினார். முதல் நாள் வயல் வரப்பில் கூட்டிப்போனார். பாரியோ அரிசி பெயர் பெற்றது, புவிசார் குறியீடு பெற்றது, மணி சிறிது, வெந்தால் மெத்தென்று இருக்கும். ஆண்டுக்கு ஒரே போகம்தான். நாங்கள் போனபோது பயிர் பச்சையாக நின்றது, புது வருடம் பிறந்த பிறகுதான் அறுவடை. அவர் வாய்க்காலில் என் கையை வைக்கச் சொன்னார், ஐஸ் போல இருந்தது. “மலைத்தண்ணீர், பயிருக்கும் குளிரும், மெதுவாகத்தான் வளரும், அவசரப்படுத்தினால் இந்த ருசி வராது” என்றார். பக்கத்திலேயே வயலுக்கு மேலே ஒரு மேடு, வெள்ளை மணல், குட்டை குட்டையாக மரங்கள், தேநீர் நிறத்தில் ஓடைத் தண்ணீர், குடுவைத் தாவரங்கள். அங்கே ஏன் நடவில்லை என்று மகள் கேட்டாள். அந்த மாதிரி நிலத்துக்குச் சரவாக்கில் கெராங்காஸ் என்று பெயர். சரவாக்கின் இன்னோர் இனமான இபான் மக்களின் மொழியில் நெல் விளையாத நிலம் என்று அர்த்தம். மணல் சத்தை நிறுத்திவைக்காது. குடுவைத் தாவரம் பூச்சியைப் பிடித்துத் தின்பதும் அதனால்தான், மண் தராததைப் பூச்சியிடம் வாங்கிக்கொள்கிறது. பத்து நிமிட நடையில் இரண்டு விதமான பூமி. பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் இது இப்படி மனதில் ஏறாது.

இரண்டாம் நாள் உப்புக்குப் போனோம். பா உமோர் என்ற கிராமத்திலிருந்து காட்டுக்குள் நடந்தால் ஓர் ஊற்று. பா என்றால் அவர்கள் மொழியில் தண்ணீர், ஆறு, அங்கே பாதி ஊர்ப் பெயர்கள் ஆற்றின் பெயர்கள்தான். ஊற்றுத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், நன்றாகவே கரித்தது. கடலிலிருந்து இத்தனை மலை தாண்டி உப்புத் தண்ணீர்! இந்த மேட்டுநிலத்துப் பாறைகள் பெரும்பாலும் மணற்பாறையும் களிப்பாறையும், ஒரு காலத்தில் கடலில் படிந்த மணலும் சேறும் அழுந்தி, பிறகு மேலே உயர்ந்து வந்தவை. ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, உள்ளே புகை, நீளமான அடுப்பின்மேல் அகலத் தகரங்களில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா ஒரு கரண்டியால் விளிம்பில் படிந்த வெள்ளையை வழித்து வழித்து நடுவில் தள்ளினார், விறகு குறைந்தால் காலாலேயே உள்ளே தள்ளுவார், பேச்சும் நிற்கவில்லை கையும் நிற்கவில்லை. ராவும் பகலும் எரிய வேண்டுமாம். சேர்ந்த உப்பை மூங்கில் குழாயில் இடித்து நிரப்பி, மூங்கில் கருகும் வரை நெருப்பில் போட்டு, பிறகு குழாயை உடைத்தால் உள்ளே உப்பு கட்டியாக உருளையாக நிற்கும், அதை இலையில் சுற்றிக் கட்டுகிறார்கள்.

அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் திணைப் பாடம்தான் ஞாபகம் வந்தது. மலை குறிஞ்சி, வயல் மருதம், உப்பு நெய்தல் என்று பிரித்துப் படித்தோம். உப்பை வண்டி கட்டி மேட்டுக்கு இழுத்துப்போக உமணர்கள் இருந்தார்கள். இங்கே குறிஞ்சிக்கு நடுவில் மருதம், மருதத்துக்குப் பக்கத்தில் நெய்தலின் உப்பு, எல்லாம் ஒரே கிண்ணத்துக்குள். நெல்லும் உப்பும் இருந்ததால்தான் இவ்வளவு பேர் இவ்வளவு உள்ளே தள்ளி வாழ முடிந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. பெரியவரிடம் கேட்டேன், “பின்னே?” என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் ஒரு முகட்டைக் காட்டினார். தூரத்து மலை விளிம்பில் மரவரிசையில் ஒரு இடைவெளி, பல் விழுந்தமாதிரி. காவாங் என்று பெயராம். பெரிய மனிதர் ஒருவர் இறந்துபோனால் அவர் நினைவாக முகட்டு மரங்களை வெட்டி, வானத்தில் தெரியும்படி வழி திறந்துவிடுவது பழைய வழக்கம். கல்வெட்டு மாதிரி, மலையிலேயே பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் விரலை நீட்டவில்லை என்றால் எங்கள் கண்ணுக்கு அது வெறும் காடு.

எல்லையைப் பற்றியும் அவர் சொல்லித்தான் புரிந்தது. 1891-இல் பிரிட்டனும் நெதர்லாந்தும் போர்னியோவைப் பிரித்தபோது பெரும்பகுதிக்கு மலைமுகட்டையே கோடாக எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் விழும் மழை பாராம் வழியாகத் தென்சீனக் கடலுக்கு, அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் கிராயானில் விழும் மழை செசயாப் ஆற்றின் வழியாகக் கிழக்கே சுலாவெசி கடலுக்கு. தண்ணீர் பிரிந்தாலும் மனிதர்கள் பிரியவில்லை, இரண்டு பக்கமும் சொந்தபந்தம். அதனால்தான் 1963-இல் இந்தோனேசியாவோடு மோதல் தொடங்கிய பிறகு எல்லையோரக் கிராமங்களைக் காலி செய்து மக்களைப் பாரியோவுக்குக் கொண்டுவந்ததைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. அப்பா முதுகில் நெல்லும் அம்மா முதுகில் இவருமாக நடந்தார்களாம்.

வீட்டுத் திண்ணையில் பேசும்போது 1945 கதையும் வந்தது. ஜப்பானியர் காலத்தில் டாம் ஹாரிசன் என்ற ஆங்கிலேயரும் கூட வந்தவர்களும் இந்த வயல்வெளியில்தான் பாராசூட்டில் குதித்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் காடு, தட்டையான இடம் இது ஒன்றுதான். விமானிகளுக்கு அடையாளம் பத்து லாவி, பத்துமலையில் இருக்கும் அதே “பத்து”, மலாயில் கல். 2,046 மீட்டர் உயரத்தில் காட்டிலிருந்து செங்குத்தாக நிற்கும் இரட்டைப் பாறை, கணவனும் மனைவியும் என்று உள்ளூர்க் கதை. திரும்பும் விமானத்தில் மேகம் ஒரு நிமிடம் விலகியது, பெரிய பாறையின் வெளிறிய சுவர் முழுவதும் தெரிந்தது, விமானத்தில் இருந்த உள்ளூர்க்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

போகிறவர்களுக்கு. அட்டை உண்டு, பயப்பட ஒன்றுமில்லை, முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள், பாதத்தை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் செருப்பை மிரியிலேயே வாங்கலாம், சேற்றில் நம் ஊர் விலையுயர்ந்த காலணியைவிட அதுதான் மேல். ரொக்கமாக ரிங்கிட் வைத்திருங்கள். சாமான் எல்லாம் விமானத்திலோ அந்த மண்பாதையிலோதான் மேலே வருகிறது, கடையில் ஒரு பாட்டில் எண்ணெய்க்கு விலை கூடச் சொன்னால் பேரம் பேசாதீர்கள். முட்டிவலி உள்ளவர்களைப் பா உமோர் நடைக்குக் கூட்டிப்போக வேண்டாம், வயல்வெளி நடையும் வீட்டுத் திண்ணையுமே அவர்களுக்குப் போதும்.

அந்த ஏற்பாட்டாளர்கள் இல்லாமலே போகலாம் என்பதுதான் நான் கண்டது. தங்கும் வீட்டுக்கே நேராகச் செய்தி அனுப்புங்கள், பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும், வரும். வழிகாட்டி கேட்கும்போது ஒன்றை மட்டும் சேர்த்துக் கேளுங்கள்: சொந்த வயல் உள்ளவராகப் பார்த்து அனுப்புங்கள் என்று. அறுவடைக் காலத்தில் அப்படிப்பட்டவர் கிடைக்க மாட்டார், அவருக்கு அங்கே வேலை இருக்கும். நாங்கள் அடுத்த முறை செப்டம்பர் விடுமுறைக்குப் பார்க்கிறோம், மகள் மூருட் ஏற வேண்டும் என்கிறாள், அதற்கு எத்தனை நாள் என்று பெரியவரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.