கட்டமைப்பு முடிவுகளை எங்கே பதிவது: விக்கியிலா, நிரலின் அருகிலா?

எங்கள் குழு தன் மென்பொருள் கட்டமைப்பு முடிவுகளை முதலில் விக்கியில், அதாவது குழுவில் எவரும் திருத்தக்கூடிய இணையப் பக்கங்களில், எழுதி வந்தது. பின்னர் ஏடிஆர் (Architecture Decision Record) எனப்படும் முடிவுப் பதிவுகளுக்கு மாறியது. இரண்டோடும் மல்லுக்கட்டியவன் என்ற முறையில், என் சார்பு இரண்டாவதன் பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விக்கியின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. படம் சேர்க்கலாம், நிரல் எழுதாதவரும் திறந்து படிக்கலாம். ஏடிஆர் 2011இல் மைக்கேல் நைகார்ட் முன்வைத்த எளிய வடிவம். தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள் என்ற பகுதிகளோடு, முடிவு ஒன்றுக்கு ஒரு சிறு கோப்பு என, நிரல் கோப்புகளைச் சேமிக்கும் களஞ்சியத்திலேயே (repository) அது வரிசை எண்ணோடு இருக்கும்.

தேர்வைத் தீர்மானித்தது பராமரிப்புதான். 2017இல் ஆர்டர் விவரங்களைச் சேமிக்க, மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தை விடுத்துப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைத் தேர்ந்தோம். ஆர்டரும் இருப்புக் கணக்கும் சேர்ந்தே மாற வேண்டும், இல்லையேல் இரண்டுமே மாறக் கூடாது. பல ஆவணங்களை ஒருசேர மாற்றும் பரிவர்த்தனை மோங்கோடிபிக்கு 2018இல் வந்த 4.0 பதிப்பில்தான் கிடைத்தது. இதற்கிடையே யாரோ, இந்தக் காரணத்தை எழுதிவைத்திருந்த விக்கிப் பக்கத்தைச் சுருக்கி, “ஆர்டர்கள் போஸ்ட்கிரெஸில் உள்ளன” என்ற ஒற்றை வரியை மட்டும் விட்டுவைத்தார். புதிதாகச் சேர்ந்தவர் ஏன் என்று கேட்டபோது, முடிவு கண்ணெதிரே இருந்தது, காரணத்தைக் காணவில்லை. விக்கியிலும் பழைய பதிப்புகள் சேமிக்கப்படும்தான். ஆனால் அத்தனை திருத்தங்களில் எதைத் திறப்பது?

ஏற்கப்பட்ட ஏடிஆரின் உள்ளடக்கத்தை யாரும் திருத்துவதில்லை. முடிவு மாறினால் புதிய எண்ணில் புதிய பதிவை எழுதி, பழையதன் நிலையில் அந்த எண்ணைக் குறித்துவிட்டால் போதும். எழுதிய நாளில் எது உண்மையாக இருந்ததோ அதையே பதிவு சொல்வதால், முடிவுக்கான காரணம் காலாவதியாகிவிட்டதா என்பதைப் பின்னால் வருபவர் தாமே சரிபார்க்கலாம்.

நிரல் மாற்றத்தைச் சேர்க்கும் முன் பிறர் பரிசீலிக்க அனுப்பும் அதே புல் ரிக்வெஸ்டில் பதிவும் வருவதால், பரிசீலிப்பவர் காரணத்தையும் கேள்வி கேட்கிறார். நிரல்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் செய்தி வரிசை (message queue) ஒன்றைப் புகுத்திய பதிவில் விளைவுகள் பகுதி முழுவதும் நன்மைகளாகவே இருந்ததால், அதைத் திருப்பி அனுப்பினோம். மறுமுறை, “ஒரே செய்தி இருமுறை வரக்கூடும், பெறும் நிரல் அதைத் தாங்க வேண்டும்” என்ற வரி சேர்ந்து வந்தது. இன்று அந்தப் பதிவில் நாங்கள் அதிகம் தேடிப் படிப்பது அந்த வரியைத்தான்.

குறைகளும் உண்டு. பதிவுகள் பெருகப் பெருக, அவற்றை மட்டும் படித்து முழு அமைப்பையும் புரிந்துகொள்வது கடினம்; அதற்கான மேலோட்டப் பக்கம் எங்களிடம் இன்னும் விக்கியில்தான் இருக்கிறது. பல களஞ்சியங்களைத் தொடும் முடிவுகளுக்குத் தனிக் களஞ்சியம் ஒன்றை வைத்துள்ளோம். ஆனால் இது ஒரே குழுவின் ஓராண்டு அனுபவம் மட்டுமே. பத்துக் குழுக்கள் உள்ள இடத்துக்கும் இதையே பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.