நாயா, பூனையா? கடலோர வீட்டுக்கு எது தோது?

மீன்பிடித் தடைக்காலத்தில் இதற்குச் சாப்பாடு என்ன? பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் பூனை எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை ஏறிவிடும். ஏலக்கூடத்தில் சும்மா கிடைத்த கழிவு மீனை அப்போது எதிர்பார்க்க முடியாது.

நாய் என்றால் சோறு, முட்டை, கொஞ்சம் கோழிக்கறி என்று ஓட்டிவிடலாம். பூனைக்கு அந்த வழி கிடையாது. அது முழுக்க முழுக்க மாமிசப் பிராணி. அதற்கு வேண்டிய டாரின் என்ற சத்து மீனிலும் இறைச்சியிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். "எங்க வீட்டுப் பூனை தயிர்சோறுகூடச் சாப்பிடும்" என்று பெருமைப்படுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மீன் தாராளமாகக் கிடைக்கும் மாதங்களிலும் கவனம் வேண்டும். சாளை, சூடை போன்ற மீன்களைத் தினமும் பச்சையாகப் போட்டால் பூனைக்கு பி1 வைட்டமின் குறைந்து நடையே தள்ளாடும். அவித்து, முள் எடுத்துக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. கருவாட்டில் உப்பு அதிகம், இரண்டுக்குமே வேண்டாம். வலையில் சிக்கிக் கரையில் எறியப்படும் பேத்தை மீன் விஷயத்தில் நாய்க்குத்தான் ஆபத்து கூடுதல், கண்டதையும் வாயில் வைக்கிற பிராணி அது. பேத்தையின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

ஆக, சாப்பாட்டில் நாய் சுலபம். நேரத்தில் அப்படியே தலைகீழ். கணவர் கடலுக்கு, மனைவி மீன் விற்க, பிள்ளைகள் பள்ளிக்கு என்று பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீட்டில் நாயைச் சங்கிலியில் கட்டிப்போடுவது பாவம். ஓயாமல் குரைக்கும், கடிக்கப் பழகும், தெருவே சண்டைக்கு வரும். பூனை பகலில் பாதிக்கு மேல் தூங்கியே கழிக்கும். தண்ணீரும் மணல் தட்டும் வைத்துவிட்டால் ஒரு நாள் தனியாக இருக்கும். மணலுக்கா பஞ்சம் நம் ஊரில்! நாய்க்குக் காலையும் மாலையும் நடை வேண்டும். அதுவும் வெயில் ஏறுவதற்குள், இல்லையென்றால் மணல் சூட்டில் பாதம் வெந்துவிடும்.

அப்புறம் அக்கம்பக்கம். பக்கத்து வீட்டு அக்கா முற்றத்தில் கருவாடு காயப்போடுகிறவரா? அப்படியென்றால் பூனை எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பூனைக்கு வேலியும் கிடையாது, வெட்கமும் கிடையாது. அதே கருவாட்டுக் களத்தில் காக்காயை விரட்ட ஒரு நாய் இருந்தால் அக்காவே அதற்குச் சோறு வைப்பார். ஆனால் வலையும் கயிறும் அடுக்கி வைத்திருக்கும் வீட்டில் எலி கடித்து நாசம் செய்கிறது என்றால், பூனைக்குத்தான் என் ஓட்டு.

வீட்டுக்குள்ளேயே கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலும் ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்டமரபின் வழக்கம். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும். பூனைக்கு அந்தச் சிக்கல் இல்லை. காவலுக்கு நாய் வைப்பதற்குத் தடையில்லை, ஆனால் வீட்டுக்குள் புழங்க விடுவது வேறு கதை. பேரன் ஆசைப்பட்டு நாய்க்குட்டியைத் தூக்கிவந்து, பெத்தம்மா முகம் சுளித்து, மூன்றாம் நாள் குட்டி தெருவுக்குப் போவதைவிட முதலிலேயே கேட்டுவிடலாம். வளர்த்த பிராணியைத் தெருவில் விடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நாய்தான் என்று முடிவானால், எந்த நாய்? லேப்ரடார், பக் என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டுக் கூரை என்ன? ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கீழே சித்திரை வெயிலில் பக் மாதிரி மூக்கு சப்பையான நாய் மூச்சுக்குத் திணறும். தெருவில் பிறந்த நாட்டு நாய் இந்த உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழகிய உடம்பு. காசு கொடுத்து இனநாய் வாங்குவதில் இங்கே எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும்: தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை என்று பெயர்கொண்ட கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த மாதங்களில் இரவில் கடற்கரையில் நாயை அவிழ்த்துவிட்டால் குழியைத் தோண்டி முட்டையைத் தின்றுவிடும்.

மருத்துவச் செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெறிநாய்க்கடி தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்கி, பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் தொடர வேண்டும். பூனைக்கு எதற்கு என்று கேட்பார்கள். பூனை கடித்தாலும் ரேபிஸ் வரும். நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் கூடுதல் தொல்லை. பூனை சுணங்கிப் படுத்தால் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், உயிரே போய்விடும்.

கருத்தடையில்தான் அவசரம் வேறுபடுகிறது. பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினை பிடிக்கலாம், வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்றுகூடப் போடும். பெட்டை நாய்க்குப் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு பருவம்தான். பெட்டை என்பதற்காகவே குட்டிகளைக் குப்பைமேட்டில் விடுகிறார்கள், எல்லோருக்கும் கடுவன்தான் வேண்டும். கருத்தடை செய்த பெட்டை நாய் ஊர் சுற்றாது, சண்டைக்குப் போகாது, காவலுக்கும் குறைவில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன், அதுவும் வளர்ந்ததாக. குட்டி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோய் பயம், ராத்திரி அழுகை, செருப்புக் கடி எல்லாம் சேர்ந்தே வரும். வளர்ந்ததின் குணம் எடுக்கும்போதே தெரியும்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் இதை எங்கே கொண்டுபோவது? ஐப்பசி, கார்த்திகையில் இது வெறும் பேச்சில்லை. பூனையை மூடியுள்ள கூடையில் போட்டுத் தூக்கிவிடலாம், ஆனால் காற்றுச் சத்தத்தில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். நாய் கூப்பிட்டால் வரும், ஆனால் முகாமில் உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம். மேட்டுப்பாங்கான ஊரில் இருக்கும் உறவினரிடம் இப்போதே பேசிவையுங்கள்.

கொடுப்பவரிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். எட்டு வாரம் ஆகிவிட்டதா, அதற்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். ஊசி போட்ட அட்டை இருக்கிறதா? இதுவரை என்ன சாப்பிட்டது? ஒத்துவராவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் மழுப்பினால், வேறு இடத்தில் பாருங்கள்.