மொட்டை மாடி ஒழுகலுக்கு ரூ.86,400 கொடுத்து ஏமாந்தேன்: வாளிகளை எண்ணிப் பாருங்கள்

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா வந்து எழுப்பினார். அவர் படுக்கும் அறையில் ஃபேன் கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டு, இருட்டில் கட்டிலை நகர்த்தி, பக்கெட்டை வைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். இதே இடத்தில் இனி ஒரு சொட்டுகூட இறங்காது என்று 10 வருட வாரண்டி அட்டை கொடுத்து ரூ.86,400 வாங்கிக்கொண்டு போனார்கள். வேலை முடிந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை.

எங்கள் வீடு சென்னை கொளத்தூரில். 2004-ல் அப்பா கட்டியது. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த பழைய முறை மாடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது முதன்முறையாக ஓதம் இறங்கியது. அடுத்த மழைக்காலத்தில் கூரைப் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. எங்கள் தெரு மேஸ்திரி பார்த்துவிட்டு, "தட்டோட்டை எடுத்துட்டு வாட்டத்தைச் சரிபண்ணுங்க, தண்ணி குழாய்க்குப் போகாம நடுவுல நிக்குது" என்றார். அப்பாவும் அதையேதான் சொன்னார். இடித்துக் கொட்டிக் குப்பை அள்ளுவதற்குப் பயந்து, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் நான் பதிவு செய்தேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போவதால் பெயர் இப்போது வேண்டாம்.

வந்தவர் பேசிய விதத்தை எழுதாமல் விட்டால் நான் ஏன் நம்பினேன் என்று உங்களுக்குப் புரியாது. மேஸ்திரி போல ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிடவில்லை. ஈரம் அளக்கும் கருவியைக் கூரையில் பத்து இடத்தில் வைத்துப் பார்த்தார். நாணயத்தால் தட்டோடுகளைத் தட்டி, எங்கே அடியில் பொள்ளென்று சத்தம் வருகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசலைக் காட்டி, "தண்ணி இங்கதான் உள்ள போகுது, அம்மா ரூம்ல வெளிய வருது" என்று அப்பாவுக்கு விளக்கினார். பையிலிருந்து ரப்பர் போன்ற வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துக் காட்டினார். பி.யு. மெம்பிரேன், அதாவது திரவமாக அடித்தால் காய்ந்து ரப்பர் போல நிற்கும் பாலியூரித்தேன் படலம், 1.5 மி.மீ. கனம், நடுவில் ஃபைபர் வலை, சதுர அடி 90 ரூபாய். 960 சதுர அடிக்கு ரூ.86,400. அம்மா காபி கொடுத்தபோது, "எங்க அம்மா வீடு மாதிரி பண்ணித் தரேன்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அப்பாவே வாயை மூடிக்கொண்டார்.

பாதிப் பணம், ரூ.43,200, ஆப்பில் கட்டினேன். வேலைக்கு வந்தவர்கள் வேறு இரண்டு பையன்கள். முந்தின நாள் மாலை மழை பெய்து தட்டோடு ஈரமாகவே இருந்தது. கேட்டதற்கு, "பிரைமர் போட்டா சரியாயிடும் சார்" என்றார்கள். பாசியைத் தேய்த்தது துடைப்பத்தால்தான். நான் மதியம் வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது மாடி முழுக்க வெள்ளையாகப் பளபளத்தது. ஒரே நாளில் எல்லாக் கோட்டும் முடிந்துவிட்டதாம். மீதி ரூ.43,200-ஐத் தன் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார் முதலில் வந்து பார்த்தவர், ஆப்பில் கட்டினால் வரி சேரும் என்று. அனுப்பிவிட்டேன்.

இந்த ஐப்பசி மழையின் மூன்றாம் நாளே சுவரில் ஓதம். அன்று ஃபோன் செய்தால், "மழை நின்னதும் வரேன் சார்." நின்றது, வரவில்லை. அடுத்து, "அது ஸ்லாப் கிராக், கோட்டிங் பிரச்சினை இல்ல." அப்படியானால் அன்று சாக்பீஸால் போட்ட வட்டமெல்லாம் எதற்கு? அதற்கடுத்து, "மாடியில துணி காயப்போடுறீங்களா? நடந்தா வாரண்டி போயிடும்." கடைசியாக எடுப்பதே இல்லை. ஆப்பில் புகார் போட்டால் நாலு மணி நேரத்தில் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். மறுபடி போட்டேன், மறுபடி மூடினார்கள். மூன்றாம் முறை ஒரு பெண் பேசினார்: அவர்கள் வெறும் இணைப்பாளர்களாம், 30 நாள் தாண்டிவிட்டதாம், கணக்கில் ரூ.43,200 மட்டும்தான் இருக்கிறதாம். வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் பொடி எழுத்தில் படித்தேன்: தண்ணீர் தேங்கும் இடங்களுக்குப் பொருந்தாது. தண்ணீர் தேங்குகிறது என்றுதானே உங்களைக் கூப்பிட்டேன்!

இன்று காலை அந்தப் பழைய மேஸ்திரியையே கூப்பிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் வந்தார். கொப்புளமாக எழும்பியிருந்த இடத்தில் பிளேடால் கீறி உரித்தார். ஈரக் காகிதம் மாதிரி வந்தது. அடியில் பாசி அப்படியே இருக்கிறது. வலை எங்குமே இல்லை. மூலையைச் சிமெண்டால் சரித்துப் பூசவும் இல்லை, சுவரில் ஒரு சாண் ஏற்றி அடிக்கவும் இல்லை. 1.5 மி.மீ. என்றால் இரண்டு ஏடிஎம் கார்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம். உரித்தது ஒரு கார்டின் பாதிகூட இல்லை.

அப்போதுதான் கணக்குப் போட்டேன். 960 சதுர அடி என்றால் 89 சதுர மீட்டர். அதில் 1.5 மி.மீ. கனம் காய்ந்து நிற்க, குறைந்தது 134 லிட்டர் சரக்கு வேண்டும். மாடியில் விட்டுப்போன காலி வாளிகள் மூன்று, இருபது லிட்டர் வாளிகள். லேபிளைக் கிழித்திருந்தார்கள். அதிலும் பையன்கள் தண்ணீர் ஊற்றிக் கலக்கியதை அப்பா பார்த்திருக்கிறார். அடித்தது மெம்பிரேனே இல்லை, சாதாரண அக்ரிலிக் பெயிண்ட் என்கிறார் மேஸ்திரி. அது தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்கவே தாங்காது. ரூ.86,400-க்கு வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எந்த மாடிக்கு எந்த மெம்பிரேன் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இரவெல்லாம் தூங்காததால் முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

முதலில் வாட்டம். தண்ணீர் குழாய்க்கு ஓடாத மாடியில் எதை அடித்தாலும் சில வருடம்தான். கறுப்பு ஷீட்டை நெருப்பால் காய்ச்சி ஒட்டும் ஏ.பி.பி. மெம்பிரேன் நல்லதுதான், ஆனால் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஷீட்டுக்கு ஷீட் நாலு அங்குலமாவது ஏறி ஒட்ட வேண்டும், கல்பொடி பதித்த ரகம் இல்லையென்றால் வெயில் படாமல் மேலே மூட வேண்டும். குழாயும் மூலையும் அதிகமுள்ள மாடிக்கு பி.யு. சரி. பொருளின் பெயர், கனம், எத்தனை வாளி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் "வாட்டர்ப்ரூஃபிங் வேலை - 1" என்று மட்டும் இருக்கிறது. வாளியின் சீல் உடைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். குழாய் வாயை அடைத்து, தளம் தாங்குமா என்று கேட்டுக்கொண்டு, இரண்டு அங்குலம் தண்ணீரை ஒரு நாளாவது நிறுத்திப் பார்த்த பிறகே மீதியைக் கொடுங்கள். தனி ஆள் எண்ணுக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் இன்று பதிவு செய்துவிட்டேன். வேலைக்கு நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அடுத்து அங்கேதான். வாளிகளையும் உரித்த துண்டையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். இதே போல ஆள் வந்து, இதே ரப்பர் துண்டை இழுத்துக் காட்டி யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போகலாம்.