கறுப்பு எண்கோண முத்திரை: அரசு தரும் ஒரு சேவையின் மதிப்பீடு

உணவுப் பொட்டலத்தின் முகப்பில், கறுப்பு எண்கோணத்துக்குள் வெள்ளை எழுத்தில், "சர்க்கரை மிகுதி", "சோடியம் மிகுதி" என்ற பொருள்பட அச்சிட வேண்டும் என்று சில நாடுகளின் அரசுகள் உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்தியுள்ளன. கடைக்குப் போகும் எவரும் கட்டணமின்றிப் பெறுகிற பொதுச்சேவை இது என்பதால், மற்ற சேவைகளை மதிப்பிடுவது போலவே இதையும் மதிப்பிடலாம். மக்கள் எதை உண்பது என்பதில் அரசு தலையிடலாமா என்ற வாதம் பெரும்பாலும் கொள்கை அளவிலேயே சுற்றிவருகிறது. தலையீடு என்று ஒன்று வந்தால் அது வாங்குபவரின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது, சொன்னதைச் செய்கிறதா, எங்கே சறுக்குகிறது என்று பார்த்தால் அந்த வாதத்துக்கே கொஞ்சம் தெளிவு பிறக்கும்.

இப்படி ஒரு சேவை தேவைதானா என்பதை முதலில் முடித்துவிடுவோம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் உலகில் எட்டில் ஒருவர் உடற்பருமனுடன் வாழ்ந்தார். வயதுவந்தோரிடையே அந்த விகிதம் 1990இல் இருந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேலாகிவிட்டது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் மனிதர்களின் மரபணு மாறிவிடவில்லை, எல்லா நாட்டு மக்களுக்கும் ஒரே நேரத்தில் நாவடக்கம் கெட்டுப்போனது என்பதும் நம்பத்தக்க விளக்கமன்று. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கெவின் ஹால் தலைமையிலான குழுவினர் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். வைக்கப்பட்ட உணவில் சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் நாரும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தும், பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். உண்பவர் அதே மனிதர்தான், மாறியது தட்டு மட்டுமே. இதைப் படித்த பிறகும் "எல்லாம் அவரவர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது" என்று சொல்பவர்களோடு வாதிட எனக்குப் பொறுமை குறைவு.

முத்திரையின் அருமை புரிய வேண்டுமானால், அது வருவதற்கு முன் இருந்ததை, இன்றும் பெரும்பாலான இடங்களில் இருப்பதை, ஒருமுறை பார்க்க வேண்டும். பொட்டலத்தின் பின்புறம், மடிப்புக்குள் பாதி மறைந்து, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஓர் ஊட்டச்சத்து அட்டவணை இருக்கும். அதில் "ஒரு பரிமாறலுக்கு" என்று ஒரு பத்தி. அந்தப் பரிமாறல் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் தயாரிப்பவரே. ஒரு பரிமாறல் 30 கிராம், அதில் 9 கிராம் சர்க்கரை என்று படிக்கும்போது அது சிறிய எண்ணாகத்தான் தெரியும். அந்த உணவில் பத்தில் மூன்று பங்கு சர்க்கரை என்று மனம் உடனே கணக்கிடுவதில்லை. உப்பு இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அட்டவணை சோடியத்தைச் சொல்கிறது, நமக்குத் தெரிந்ததோ உப்பு; சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு வரும். இந்த அட்டவணையைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது தேவைப்படுவது குறைவு, தேவைப்படுபவர்களுக்கு அதைப் படிக்க நேரமும் கண்ணாடியும் இருப்பதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த முத்திரைகள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2014இல் கொண்டுவந்த நட்சத்திர மதிப்பீடு, அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை வழங்குகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. குறை அந்த அழகில்தான். நட்சத்திரம் என்பது பாராட்டின் மொழி, எனவே மிக மோசமான பண்டமும் ஒரு சிறு பாராட்டுடன்தான் அலமாரியில் நிற்கிறது. அதைவிட, உற்பத்தியாளர் விரும்பினால் போடலாம் என்ற ஏற்பாட்டில், நல்ல மதிப்பெண் பெற்றவர் போட்டுக்கொள்வார், பெறாதவர் சும்மா இருந்துவிடுவார். அங்கே பரவலாக விற்ற ஒரு பானப்பொடி, கொழுப்பு நீக்கிய பாலில் கலந்து குடிப்பதாக வைத்துக்கொண்டு நாலரை நட்சத்திரம் போட்டிருந்தது. பொடியை மட்டும் தனியே மதிப்பிட்டால் அது ஒன்றரைதான். விமர்சனம் வலுத்தபின் நட்சத்திரங்கள் எடுக்கப்பட்டன, விதியும் பின்னர் திருத்தப்பட்டது. பாலின் புண்ணியத்தில் பொடி வாழ்ந்த கதை அது.

பிரான்சு 2017இல் ஏற்றுக்கொண்ட நியூட்ரி-ஸ்கோர் இதைவிட மேல். பச்சையிலிருந்து சிவப்பு வரை ஐந்து நிறம், ஐந்து எழுத்து, ஒரே வகைப் பொருள்களை அருகருகே வைத்து ஒப்பிட வசதியானது. பானங்களில் தண்ணீருக்கு மட்டுமே முதல் எழுத்து என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நன்மையையும் தீமையையும் கூட்டிக் கழித்து ஒரே எழுத்தாகச் சுருக்குவதால், கொஞ்சம் நாரும் புரதமும் சேர்த்துச் சர்க்கரையின் பாவத்தை ஓரளவு கழுவிக்கொள்ள முடிகிறது. இதுவும் அங்கே கட்டாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான ஒரு முத்திரையை முன்மொழிவதாகச் சொல்லியிருந்த ஐரோப்பிய ஆணையம், 2022 முடிவு என்று குறித்த கெடுவைக் கடந்துவிட்டது.

சிலி நாட்டின் எண்கோணம் வேறு இனம். 2012இல் நிறைவேறிய சட்டம், தொழில்துறையின் எதிர்ப்பைத் தாண்டி 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. கலோரி, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் ஆகிய நான்கில் எது வரம்பு மீறுகிறதோ அதற்கு ஒரு முத்திரை. நான்கும் மீறினால் நான்கு. வரம்பு பரிமாறலுக்கு அல்ல, 100 கிராமுக்கு என்பதால் பரிமாறல் கணக்கின் சூழ்ச்சி இங்கே செல்லாது. வரம்புகள் மூன்று கட்டங்களாக இறுக்கப்பட்டன: திட உணவில் சர்க்கரைக்கான எல்லை 100 கிராமுக்கு 22.5 கிராமில் தொடங்கி 2019இல் 10 கிராமுக்கு வந்தது, சோடியம் 800 மில்லிகிராமிலிருந்து 400க்கு இறங்கியது. தொழிற்சாலைகளுக்கு மாறிக்கொள்ள அவகாசமும் தந்து, தப்பிக்க வழியும் அடைத்த இந்த முறை பிற துறைச் சட்டங்களுக்கும் முன்மாதிரியாகத் தக்கது.

பயன்படுத்துபவரின் பக்கம் நின்று பார்த்தால், இந்த முத்திரையின் சிறப்பு அது கணக்குப் போடச் சொல்லாததுதான். போக்குவரத்தில் நிறுத்தச் சொல்லும் பலகையின் வடிவம் என்பதால், எழுத்து வாசிக்காதவருக்கும் செய்தி போய்ச் சேர்கிறது. இரண்டு பொட்டலங்களைத் தூக்கி, எதில் முத்திரை குறைவு என்று எண்ணினால் போதும். அவசரத்தில், அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும் அதைச் செய்யலாம். அக்குழந்தைகளே முத்திரையின் தூதர்களாக மாறியது எதிர்பாராத பலன்: முத்திரை உள்ள தின்பண்டத்தைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்வதாகச் சிலியின் தாய்மார்கள் ஆய்வாளர்களிடம் கூறியிருக்கிறார்கள். முத்திரை விழுந்த பண்டங்களைப் பள்ளிகளில் விற்பதையும், 14 வயதுக்குட்பட்டோரைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அதே சட்டம் தடுத்தது. காலை உணவுத் தானியப் பெட்டிகளிலிருந்து கார்ட்டூன் விலங்குகள் மறைந்தது அப்படித்தான்.

பலன் உண்டா என்றால், உண்டு. சட்டம் வந்தபின் முத்திரை விழுந்த பானங்களின் கொள்முதல், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவை விட ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணித்தது. அதில் முத்திரையின் பங்கு எவ்வளவு, விளம்பரத் தடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. என்னை அதிகம் கவர்ந்தது வேறோர் எண். ஏதேனும் ஒரு முத்திரைக்கு உரியதாக இருந்த உணவுப் பொருள்களின் பங்கு, சட்டத்துக்கு முன்பும் முதல் கட்டத்துக்குப் பின்பும் ஒப்பிட்டபோது, 51 விழுக்காட்டிலிருந்து 44ஆகக் குறைந்திருந்தது. அதாவது முத்திரைக்கு அஞ்சித் தயாரிப்பாளர்கள் செய்முறையை மாற்றினார்கள். முத்திரையைக் கவனிக்கவே கவனிக்காத, கவனித்தும் பொருட்படுத்தாத ஒருவரின் வயிற்றுக்குள்ளும் சர்க்கரையும் உப்பும் சற்றுக் குறைவாகப் போகின்றன. என் கணிப்பில் இந்தச் சேவையின் உண்மையான வாடிக்கையாளர் கடையில் நிற்கும் நாம் அல்லர். தொழிற்சாலையில் கலவையைத் தீர்மானிக்கிறவர்தான். முகப்பில் ஒரு கறுப்புப் புள்ளி விழுவதைத் தடுக்க அவர் எடுக்கும் முயற்சி, ஆயிரம் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளை விட அதிகம் சாதிக்கிறது.

குறைகளும் கணிசமாக உள்ளன. கோட்டுக்கு இந்தப் பக்கம் 9.9 கிராம் சர்க்கரை உள்ள பண்டம் மாசற்றதாக நிற்கிறது. அந்தப் பக்கம் 10.5 கிராம் உள்ளதும் 60 கிராம் உள்ளதும் ஒரே முத்திரையைச் சுமக்கின்றன. எனவே கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுகொள்வதுதான் தயாரிப்பாளருக்கு லாபம், அதற்கு மேல் குறைக்க அவருக்குத் தூண்டுதல் ஏதுமில்லை. சர்க்கரையை எடுத்துவிட்டு இனிப்பூட்டிகளைச் சேர்ப்பது இன்னும் எளிய வழி. சிலியில் அதுதான் பரவலாக நடந்தது, குழந்தைகளின் நாக்கு இனிப்புக்குப் பழகுவது அப்படியே தொடர்ந்தது. 2020இல் எண்கோணத்தை ஏற்ற மெக்சிகோ இதைக் கவனித்து, இனிப்பூட்டி சேர்த்தவை குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல என்ற தனி எச்சரிக்கையைச் சேர்த்தது. இரண்டாவதாக வாங்குபவர் முதலாமவரின் அனுபவத்தால் பயன்பெறுவது அரசுகளுக்கும் பொருந்தும் போலும்.

பெரிய ஓட்டை, பொட்டலம் இல்லாத உணவு. கேட்டவுடன் சமைத்துத் தருவதற்கும் உதிரியாக விற்பதற்கும் சிலியில் முத்திரை கிடையாது. உணவகத்தில் உண்பவருக்கு இந்தச் சேவை இல்லை. அத்துடன், உடற்பருமனே குறைந்துவிட்டதா என்று கேட்டால், அப்படி மார்தட்டிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. தூக்கம், வருமானம், மருந்துகள், மரபு, நடக்க இடமில்லாத நகரங்கள் என்று பல காரணங்கள் பின்னிக்கிடக்கும் ஒரு நிலையை ஓர் அச்சு முத்திரை தனியாகத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாறுவார்கள்.

இனி அந்தப் பழைய ஆட்சேபம்: இது அரசின் வேலையா? வரியையோ தடையையோ பற்றி இப்படிக் கேட்டால் அதில் நியாயம் இருக்கலாம். டென்மார்க் 2011 அக்டோபரில் நிறைவுற்ற கொழுப்புக்கு வரி விதித்தது. மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கினார்கள், 2013 தொடக்கத்தில் வரி நீக்கப்பட்டது. முத்திரை எதையும் தடுப்பதில்லை, எதன் விலையையும் உயர்த்துவதில்லை. விற்பவருக்குத் தெரிந்த ஓர் உண்மையை வாங்குபவருக்கும் தெரியும்படி எழுதச் சொல்கிறது, அவ்வளவே. தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் சுதந்திரம் என்றால், முத்திரையை எதிர்ப்பவர்கள் காக்க முயல்வது யாருடைய சுதந்திரத்தை என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும். இன்னொரு நன்மையும் உண்டு: அரசுகள் நடத்தும் பல பிரசாரங்கள் பருமனான உடலைக் காட்டி அச்சுறுத்துகின்றன, அதனால் பாதிக்கப்பட்டவர் மேலும் கூனிக்குறுகுவதைத் தவிர ஏதும் நடப்பதில்லை. முத்திரை குற்றம் சாட்டுவது பண்டத்தை, மனிதரை அன்று.

ஆயினும் வரியை முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். பிரிட்டன் 2018 ஏப்ரலில் கொண்டுவந்த குளிர்பான வரி புத்திசாலித்தனமானது: 100 மில்லிலிட்டரில் 5 கிராம் சர்க்கரைக்கு ஒரு படி, 8 கிராமுக்கு அடுத்த படி, அதற்குக் கீழே வரி இல்லை. விதி 2016இலேயே அறிவிக்கப்பட்டதால், வரி வருவதற்கு முன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. எண்கோணமும் இந்த வரியும் வெளிப்பார்வைக்கு வேறுபட்டாலும், இரண்டும் கதவைத் தட்டுவது ஒரே தொழிற்சாலையில்தான்.

என் பரிந்துரை இதுவே: நட்சத்திரம் வேண்டாம், எழுத்து பரவாயில்லை, எண்கோணம் வேண்டும், அதுவும் கட்டாயமாக. விருப்பப்பட்டவர் போடலாம் என்று ஓர் அரசு அறிவித்தால் அதை உற்பத்தியாளர் சங்கத்தின் வெற்றியாகவே நான் வாசிப்பேன். அடுத்த பதிப்பில் வரம்பை ஒரே கோடாக வைக்காமல், மிகமிக மீறியவற்றுக்குப் பெரிய முத்திரை என்ற ஏற்பாடு வர வேண்டும்; பெரிய உணவகச் சங்கிலிகளின் பட்டியல் அட்டைக்கும் அது நீள வேண்டும். எதை விலக்குவது என்று மட்டும் சொல்லும் இந்தச் சேவை, நல்லதை வாங்கப் பணமில்லாதவருக்கு அலமாரியின் முன் குற்றவுணர்வை மட்டுமே தருகிறது. அவருக்குக் காயும் பழமும் பருப்பும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கச் செய்வது தனி வேலை. முத்திரை அச்சிட்டாயிற்று என்பதைக் காரணமாகக் காட்டி எந்த அரசும் அதைத் தள்ளிப்போட இடம் தரக்கூடாது.