டுரினில் ஒரே ஒரு மேட்ச்: எந்த மைதானம்?

இத்தாலியின் டுரினில் ஒரு நாள்தான் இருக்கிறது, ஊரின் இரண்டு கால்பந்து கிளப்புகளில் யுவென்டஸின் மைதானத்துக்குப் போவதா, டொரினோவின் மைதானத்துக்குப் போவதா என்று தவிப்பவர்களுக்காக.

பார்வை: யுவென்டஸின் அலையன்ஸ் ஸ்டேடியம்தான். முன்பு அதே இடத்தில் இருந்த தெல்லே ஆல்ப்பி மைதானத்தில் ஓட்டப்பாதை குறுக்கே கிடந்ததால் ஆட்டம் எங்கோ தூரத்தில் நடக்கும். அதை இடித்துவிட்டு 2011-ல் கட்டியதில், சுமார் 41,000 பேரும் புல்தரைக்குப் பக்கத்திலேயே உட்காருகிறார்கள். அதோடு, இது கிளப்பின் சொந்த மைதானமும்கூட. அங்கே போன முதல் சீசனிலிருந்தே தொடர்ந்து 9 லீக் பட்டங்கள்!

டிக்கெட்: பொதுவாக டொரினோ ஆட்டங்களுக்கே விலை குறைவு.

போக்குவரத்து: அலையன்ஸ் நகரின் வடமேற்கு ஓரம். டொரினோவின் மைதானமான ஒலிம்பிகோ கிராந்தே டொரினோ நகர மையத்துக்குப் பக்கம்.

வரலாறு: இதில் ஒலிம்பிகோவை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1933-ல் திறந்தது. 1949-ல் சுபெர்கா விமான விபத்தில் மாண்ட 'கிராந்தே டொரினோ' அணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. யுவென்டஸும் 2006-ல் இரண்டாம் நிலை லீக்கான சீரி பி-க்கு இறக்கப்பட்டபோது இங்கேதான் ஆடியது.

முதல்முறை போகிறவர், ஆரவாரம் வேண்டும் என்பவர் அலையன்ஸுக்குப் போகலாம். கையில் காசு குறைவு, பழைய கதைகள் பிடிக்கும் என்றால் ஒலிம்பிகோ.